ப்ரேக் சார் வைத்த நட்பு ஆட்டம்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் வழங்கும் பெயர் ப்ரேக் சார். ட்ரைவிங் ஸ்கூல் வைத்துக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்த மாதிரிக் கார்களில் பக்கத்து இருக்கைக்காரரின் காலடியிலும் ஒரு க்ளட்ச்சும் ஒரு ப்ரேக்கும் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் மிதிப்பார். அத்தான் யாரும் தடுமாறாதபோதும் மிதிப்பார். அவரிடம் கற்றவர்கள் லைசென்ஸ் வாங்கித் தனியாக ஓட்டும் முதல் நாளில்தான் கார் தானாக நிற்காது என்கிற உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள். பஸ்ஸில் போனாலும் சரி, என் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் சரி, அவருடைய வலது கால் எதையோ அழுத்திக்கொண்டே வரும்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு இரக்கம் மரத்துப்போய்விட்டது என்று அக்கா சொல்வாள். இருக்கலாம். அத்தானைப் பற்றிச் சொல்வதற்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். இரக்கப்பட்டுச் சொன்னால் அவர் வெறும் நல்லவராகப் போய்விடுவார்.

அத்தான் வாழ்க்கையில் ஒரு பந்தை உதைத்ததில்லை. டிவியில் கால்பந்து ஓடினால் எழுந்து போய்விடுவார். "நாம சொல்றத அவனுங்க கேக்கவா போறானுங்க?" என்பார். அப்படிப்பட்டவருக்கு, லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தபோது ஒரு மாணவன் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். கால்பந்து அணியை நிர்வகிக்கும் விளையாட்டு. அதில் நாம் ஓடுவதில்லை, உதைப்பதில்லை. பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து, யார் எங்கே நிற்பது, எவ்வளவு வேகம், எவ்வளவு முரட்டுத்தனம், பின்னால் இருந்தால் யாரை இறக்குவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் குறிப்பிட்ட நேரத்தில் ஆட்டம் தானாக நடக்கும். இரண்டு பக்கமும் என்னென்ன குறித்திருந்தார்கள் என்று முடிந்தபிறகு ஓர் அறிக்கை வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பதினோரு பேர். அத்தான் தன் வாழ்நாளில் அப்படிப்பட்ட மாணவர்களைப் பார்த்ததே இல்லை. விழுந்துவிட்டார்.

'நாலாவது கியர்' என்று தன் அணிக்குப் பெயர் வைத்தார். வீட்டில் எல்லோரையும் சேர்த்துவிட்டார். எனக்கும் ஓர் அணி உண்டு. அது எப்போதும் பட்டியலின் அடியில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். அவருடைய மகள் சிட்டு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் போனிலேயே ஓர் அணி வைத்து நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். பரீட்சை வந்தபோது நிறுத்தினாள், அப்புறம் தொடவில்லை. அக்கா மட்டும் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "ஒரு ஆளை மேய்க்கறதே பெரும்பாடா இருக்கு. இதுல இன்னும் பதினோரு பேரா?" என்றாள்.

ஆடியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அத்தானுக்கு அதிலிருந்து ஒரு சித்தாந்தம் பிறந்துவிட்டது.

அந்த விளையாட்டில் லீக் ஆட்டம், கோப்பை ஆட்டம் தவிர நட்பு ஆட்டம் என்று ஒன்று உண்டு. புள்ளி கிடையாது, பரிசு கிடையாது, யாரும் பார்க்கப்போவதும் கிடையாது. அழைக்கிறவர்தான் விதிகளைக் குறிக்க வேண்டும். காயம் கணக்கில் வருமா வராதா, சமன் ஆனால் கூடுதல் நேரம் உண்டா, நடுவர் கண்டிப்பானவரா விட்டுக்கொடுப்பவரா என்பதெல்லாம் அவர் கையில். "லீக்ல எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பான் மாப்ள, பயம். யாரும் பாக்காத ஆட்டத்துல என்ன டிக் பண்றான்னு பாரு. அதான் ஆளு," என்பார் அத்தான். முரட்டு ஆட்டத்தைக் குறித்துவிட்டு விட்டுக்கொடுக்கிற நடுவரையும் தேர்ந்தெடுப்பவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இந்தச் சித்தாந்தத்தை வைத்து அவர் ஓர் ஆளை வேலைக்குச் சேர்க்காமல் அனுப்பினார். நன்றாகக் கார் ஓட்டுகிறவன், பொறுமைசாலி. ஆனால் நட்பு ஆட்டத்தில் கால் வேகமே இல்லாத தடுப்பாட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னே ஏறி எதிராளியைச் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறி போட்டிருந்தான். "இவன் நம்பக்கூடாத எடத்துல நம்பிக்கை வைக்கிறவன். கத்துக்க வர்றவங்க கையில காரைக் குடுத்துட்டு வேடிக்கை பாப்பான்," என்று சொல்லிவிட்டார். அவன் இப்போது இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகப் பள்ளி வைத்துக் கொடிகட்டிப் பறக்கிறான். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் அத்தான் சுற்றிக்கொண்டு போவார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்கு வயதாகும். ஒவ்வொரு பருவத்துக்கும் எண்கள் இறங்கும், கடைசியில் ஓய்வு பெற்று மறைந்துபோவார்கள். அத்தான் ஓய்வு பெறப்போகிறவனுக்கு என்று ஒரு நட்பு ஆட்டம் வைப்பார். கடைசிப் பத்து நிமிடம் அவனை இறக்கி, கேப்டன் பட்டையையும் அவன் கைக்கு மாற்றிவிடும்படி குறிப்பார். ஒரு தடவை நான் சிரித்துவிட்டேன். "அது வெறும் நம்பர், அத்தான்." அவர் சிரிக்கவில்லை. "நம்பரா இருந்தா என்ன மாப்ள, நமக்காக ஓடியிருக்கான்ல," என்றார். இந்த மனிதரை என் அக்கா ஏன் இத்தனை வருடம் பொறுத்துக்கொள்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

சிட்டு ஒரு வணிக வளாகத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போகும். சரிசெய்ய ஒரு மெக்கானிக் வருவார். ஒரு கட்டத்தில் லிஃப்ட் கெட்டுப்போகாமலே வர ஆரம்பித்தார். விஷயம் அப்படித்தான் வளர்ந்தது. ஒரு விடுமுறை நாளில் நாங்கள் நான்கு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சிட்டு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணம் செய்துகொண்டால் அவரைத்தான் செய்துகொள்வேன் என்று சொன்னாள்.

அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஆச்சரியப்படுவதுபோல நடிக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை. அத்தான் பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடியே இருந்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"நான் அவனைப் பாத்திருக்கேன். உங்க கடைக்கு உன்னைக் கூப்பிட வந்தப்ப கீழ நின்னுட்டிருந்தான். என்னைப் பாக்காம லிஃப்டைப் பாத்தான். நாலு வார்த்த பேசினேன், ஒரு வார்த்த பேசினான்," என்றார்.

"அவர் அப்படித்தாம்ப்பா. கொஞ்சமாத்தான் பேசுவார்."

"கொஞ்சமா பேசறவன் மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியணும். நீங்க சரின்னு சொல்லாம நான் எதுவும் பண்ணப்போறதில்ல. வேணாம்னு சொன்னா வேற யாரையும் பாக்கவும் மாட்டேன். இதை மிரட்டலா சொல்லலப்பா. உள்ளதைச் சொல்றேன்."

சிட்டு சொன்னால் சொன்னதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தான் டீக்குள் விழுந்த பிஸ்கட்டைக் கரண்டியால் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு, "அவனை ஆட்டத்துல சேரச் சொல்லு. எனக்கு ஒரு நட்பு ஆட்டம் அழைப்பு அனுப்பட்டும். எல்லாத்தையும் அவனே குறிக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை எப்படின்னு நாலு பேர்கிட்ட விசாரிப்பாங்க. இவரு பொம்மை ஆளுங்க பதினோரு பேர்கிட்ட விசாரிக்கிறாரு."

சிட்டு சிரிக்கவில்லை. "சரிப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் 'மேல் மாடி' என்கிற அணியிடமிருந்து அத்தானுக்கு அழைப்பு வந்தது. பெயரே நன்றாக இருந்தது. ஆட்டம் நடந்த சாயங்காலம் அத்தான் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். திரையில் வரி வரியாக ஓடியதை அவர் கவனிக்கவே இல்லை. அறிக்கை வரும்வரை காத்திருந்தார். வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் எங்கள் டாக்டரைப்போலப் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"காயம் கணக்குல வரும்னு போட்டிருக்கான். சரி. நடுவர் கண்டிப்பு. அதுவும் சரி. ஆட்டம் மிதம். அட, நான் முரட்டு ஆட்டம் வெச்சும் பதிலுக்கு அவன் வைக்கல பாரு."

"நீங்க எதுக்கு முரட்டு ஆட்டம் வெச்சீங்க?"

"சோதனைக்கு."

"அவர் ஆளு ஒருத்தனுக்கு முட்டி போயிருக்கு, அத்தான்."

"பாவம்தான்," என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. இன்னொரு ஆட்டம் கேட்டார். அதில் தன் அணியின் கற்றுக்குட்டிகளை மட்டும் இறக்கினார், பலவீனமானவனைக் கண்டால் எதிராளி என்ன செய்கிறான் என்று பார்க்க. மேல் மாடி மூன்று கோல் போட்டது. மூன்றாவது கோலுக்குப் பிறகு வேகத்தைக் குறைத்து, பந்தைத் தங்களுக்குள் சுற்றவிடும்படி முன்பே குறித்து வைத்திருந்தது அறிக்கையில் தெரிந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "போதும்னு ஒரு இடத்துல நிறுத்தத் தெரியுது பாரு. எத்தனை பேருக்குத் தெரியும் இது?" என்று அக்காவிடம் போனைக் காட்டினார். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குத் தெரியாது," என்றாள்.

மூன்றாவது ஆட்டம்தான் அவரைச் சாய்த்தது. சமநிலையில் போய்க்கொண்டிருந்த ஆட்டம். கடைசிப் பத்து நிமிடத்தில் மேல் மாடி தன் நல்ல முன்கள ஆட்டக்காரனை வெளியே எடுத்துவிட்டு, பதினேழாம் எண்ணை உள்ளே அனுப்பியது. முப்பத்தேழு வயது, வேகம் என்கிற இடத்தில் சைபருக்குப் பக்கத்தில் ஓர் எண். கேப்டன் பட்டையும் அவனுக்கு மாறியது. அதற்கப்புறம் அத்தானின் ஆட்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். அத்தான் ஜெயித்ததைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை யாரும் சொல்லிக்குடுக்க முடியாது மாப்ள. இருந்தாத்தான் வரும்," என்றார். அன்று முதல் லிஃப்ட்காரர் அவர் வாயில் தம்பி ஆனார். தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்படி சிட்டுவிடம் சொன்னார். முதலில் தான் பேசிக்கொள்வதாகவும், அதற்கடுத்த வாரம் தம்பியின் அம்மா வரட்டும் என்றும் சொன்னார். சிட்டுவின் முகத்தில் ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் வேறு ஏதோ ஒன்று. பல்லைப் பிடுங்கப்போகிறவர்களின் முகத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

தம்பி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் போகாத கிரீஸ். அக்கா டீ கொடுத்தாள். சிட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தான் நாற்காலியை அவருக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேலை, வீடு, அம்மாவின் உடம்பு என்று ஒப்புக்கு ஏதோ கேட்டார். மனம் அதில் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்தப் பதினேழை எறக்கினீங்களே, அப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்தப் பதினேழு சார்?"

"அதான், கடைசிப் பத்து நிமிஷம்."

தம்பி திருதிருவென்று விழித்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "ஏன் உதைக்கிற?" என்று சிட்டுவைக் கேட்டார்.

சிட்டு கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அக்காவும் சமையலறை வாசலில் நின்றிருந்தோம். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"சார், எனக்கு அந்த விளையாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பேரு மட்டும்தான் நான் வெச்சது. மத்ததெல்லாம் இவதான் போட்டா. முதல்லயே உங்ககிட்ட சொல்லிடலாம்னேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி உக்காந்து பேச எனக்கு வராது சார்," என்றார் தம்பி. அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

அத்தான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். தம்பி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். டீயைக் குடித்து முடித்தார், பாதியில் வைத்துவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். "வரேங்க," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பால்கனிப் பக்கம் பார்த்து, "வரேன் சார்," என்றார்.  படியிறங்கிப் போனார்.

அவர் கேட்டைத் தாண்டியபிறகு அத்தான் உள்ளே வந்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. அது இன்னும் மோசம்.

"மாப்பிள்ளையைப் பரீட்சை பண்றேன்னு என் பொண்ணையே உக்காத்தி வெச்சுப் பரீட்சை பண்ணியிருக்கேன். ஊர்ல கேட்டா சிரிப்பானுங்க," என்றார்.

"ஏமாத்தினது தப்புதாம்ப்பா. அவர் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் நீங்க சரின்னு சொன்னப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இப்ப என்னன்னு சரி சொல்லச் சொல்ற? அவனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒண்ணே ஒண்ணு தெரியுது. ஒரு டீமையே தூக்கி இன்னொருத்தர் கையில குடுத்துட்டு எட்டிக்கூடப் பாக்காதவன். பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா?"

"பாத்தார்ப்பா. பக்கத்துல உக்காந்துதான் இருந்தார். பதினேழை எறக்கினா தோத்துடுவோம், என்ன பண்ணட்டும்னு கேட்டேன். உனக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணு, தோத்தா டீ வாங்கித் தரேன்னார். தோத்தோம். வாங்கிக் குடுத்தார்."

"அவனுக்கு அதுல அக்கறை இல்ல. அதான் விட்டுட்டான்."

"உங்களுக்கு அக்கறை இருந்துச்சு," என்றாள் சிட்டு. "அதான் நீங்க விடல."

அத்தானுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான். சிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டே சொல்ல முடியாததை உட்கார்ந்து சொல்லப்போகிறாள் என்று தோன்றியது.

"பத்தாவது படிக்கறப்ப என் டீம் கோப்பை ஃபைனலுக்குப் போச்சு. ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? ஜெயிச்சியே. தெருவுக்கே சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு லெஃப்ட் பேக் இருந்தான், இடது பக்கம் நின்னு தடுக்கறவன். சுமாரான ஆளு. ஆனா அந்தப் பருவம் பூரா எல்லா ஆட்டத்துலயும் ஆடினான். ஃபைனல்லயும் அவன் இருக்கட்டும்னு போட்டுட்டு ஸ்கூலுக்குப் போனேன். சாயங்காலம் அறிக்கையில அவன் இல்ல. நிக்கற முறை மாறியிருந்துச்சு, வேகம் மாறியிருந்துச்சு. நீங்க எல்லாத்தையும் மாத்தி வெச்சிருந்தீங்க."

அத்தான் ஓர் அடி முன்னால் வந்தார். "உன் நல்லதுக்குத்தானே..." என்றார்.

"தெரியும்ப்பா. உங்க மேல கோவம்கூட இல்ல. நீங்க எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டு வந்தீங்க. எனக்கு மட்டும் ஜெயிச்ச மாதிரியே இல்ல. அதுக்கப்புறம் அந்த ஆட்டத்தைத் திறக்கணும்னு தோணல. பரீட்சைன்னு சொல்லி விட்டுட்டேன்."

அக்கா என் முழங்கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு இரக்கம் மரத்துப்போனதாகச் சொன்னேன் அல்லவா, அப்போது மரப்பு விட்டு வலிக்க ஆரம்பித்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தவளுக்காகவா, அத்தனை வருடம் அந்தக் கோப்பையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்காகவா?

அத்தான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். தோல்வியை ஒப்புக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் ஒரு கடைசி முயற்சி செய்தார்.

"அந்த லெஃப்ட் பேக் ஆடியிருந்தா நீ தோத்திருப்பே. அவங்க வலது பக்கம் ரொம்ப வேகம்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சேவா போட்டே?"

"தெரிஞ்சேதான் போட்டேன்."

அத்தான் அவளைப் பார்த்தார். கார் ஓட்ட வருகிறவர்களை முதல் நாள் அளந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை இல்லை. அளப்பதற்கு ஒன்றும் கையில் இல்லாத ஒருவரின் பார்வை.

"நீ தோக்கறதை நான் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஆமாப்பா."

"அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். எனக்கு ஒரு பிள்ளை பொறந்தாத்தான் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி குடித்துவிட்டு வைத்த கோப்பை மேசையில் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஓரமாக நகர்த்தினார். பேசியபோது குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"நாளைக்கு அவன் சரியில்லாம போயிட்டா? நான் அவனைப் பத்தி ஒண்ணுமே தெரிஞ்சுக்கல சிட்டு. நான் பாத்ததெல்லாம் உன்னைத்தான். நீ நல்லா ஆடுற. அவன் எப்படின்னு தெரியலையே."

"சரியில்லாம போனா கிளம்பி இங்க வருவேன். கதவைத் திறப்பீங்கல்ல?"

"இது என்ன கேள்வி?"

"அவ்வளவுதாம்ப்பா நான் உங்ககிட்ட கேக்கறது. வேற எதையும் மாத்தி வைக்காதீங்க."

சமையலறையில் குழாய் நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கணவர் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பையனுக்குப் போன் பண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு. நான் சரின்னு சொல்லிட்டேன்னு சொல்லு," என்றார் அத்தான் அக்காவிடம். பிறகு சிட்டுவின் பக்கம் திரும்பினார். "ஆனா எனக்கு ரொம்ப பயமா இருக்கு சிட்டு."

"எனக்கும்தாம்ப்பா," என்றாள் சிட்டு.